சாம்பல் வரியில் படுத்துக்கொண்ட விரிசல்

எனக்கு நல்ல காது என்று பெயர். சந்தவாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஜாடித் தொழிற்சாலையில் அந்தக் காதுதான் எனக்குச் சோறு போட்டது. சூளையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஜாடியையும் மரச்சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்ப்பது என் வேலை. கணீர் என்றால் நல்ல ஜாடி. டொக் என்றால் எங்கோ விரிசல் இருக்கிறது. ஊறுகாய் ஜாடி, உப்பு ஜாடி, ஒரு மூட்டைப் புளியை அப்படியே விழுங்கிவிடும் பெரிய ஜாடி எல்லாம் என் கையைத் தாண்டித்தான் லாரி ஏறும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலைக்கூட என் காது பிடித்துவிடும் என்று முதலாளியே வருகிறவர்களிடம் சொல்லுவார். எனக்கும் அதில் பெருமை இருந்தது.

எழுபதுகளின் பிற்பாதியில் அந்தப் பெருமைக்கு ஓர் அடி விழுந்தது. சூளைக்குள் ஜாடிகளை அடுக்கடுக்காக வைப்பதற்குக் கனமான மண்பலகைகள் உண்டு. நெருப்புக்குத் தாங்குகிற மண்ணில் செய்து சுட்டவை. அவற்றையும் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவேன். ஒரு காலையில் நான் தட்டி, நல்லது என்று அனுப்பிய பலகை ஒன்று, மேலே ஜாடிகள் ஏறியதும் நடுவில் இரண்டாகப் பிளந்து, அடுக்கிக்கொண்டிருந்தவரின் பாதத்தில் விழுந்தது. இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் மனம் கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"காதுக்கு இன்னாம்மா தெரியும், நாளைக்கு ஒடையப் போறது?"

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது முள்ளாகத் தைத்தது. இருக்கிற விரிசலைத்தான் என் காது சொல்லும். வரப்போகிற விரிசலைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஜவ்வாது மலையிலிருந்து புகார் வந்தது. முந்தின வருஷம் மலைக்கு அனுப்பிய பெரிய ஜாடிகளில் பாதிக்கு மேல் விரிசல் விட்டுவிட்டதாக ஜமுனாமரத்தூர்க் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். பஸ் மேல் போட்டு ஏற்றும்போது இடித்திருப்பார்கள் என்பது முதலாளியின் கட்சி. போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வா, இடி பட்டதா இல்லையா என்று உனக்குத் தெரியாதா என்று என்னை அனுப்பினார். அண்ணன் வீட்டில் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவையும் மரச்சுத்தியையும் பையில் போட்டுக்கொண்டு, போளூர் போய் மலை பஸ் ஏறினேன்.

கடையில் இருந்த ஜாடிகளைத் தட்டினேன். எல்லாம் டொக். அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் என் முழியைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு பொம்பளை கீது, அது ஜாடி விரிசலுக்குக் காவல் இருக்குது, அதைப் போய்ப் பாருங்க என்றார். கிண்டலா நிஜமா என்று புரியவில்லை. சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்து போனேன்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். அவளும் புருஷனும் சாமையும் கேழ்வரகும் விதைத்து, ஆறு புளியமரங்களை வைத்துக்கொண்டு பிழைத்தார்கள். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னதும், உள்ளே வாங்க என்று நேராக ஜாடியிடம் கூட்டிப்போனாள். மூலையில் எங்கள் தொழிற்சாலையின் பழுப்பு ஜாடி நின்றது. வாயிலிருந்து ஒரு விரிசல் கீழ்நோக்கி இறங்கியிருந்தது. அதன் ஓரமாகவே, ஏணிப்படிபோல, சின்னச் சின்னதாகச் சுண்ணாம்புக் கோடுகள்.

"இது இன்னா கோடு?" என்று கேட்டேன்.

"அமாவாசைக்கு அமாவாசை அது எங்க வந்து நிக்குதோ, அங்க ஒரு கோடு போடுவேங்க."

குனிந்து பார்த்தேன். கோடுகள் ஒரே இடைவெளியில் இல்லை. மூன்று நான்கு கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. அதற்குக் கீழே இருந்தவை விரற்கடை விரற்கடையாகத் தள்ளி இருந்தன. நெருங்கி இருந்தவை மாசியும் பங்குனியும் சித்திரையும் என்று அவள் விளக்கினாள். தள்ளி இருந்தவை மழை பிடித்த மாதங்கள்.

"மழை மாசத்துல நடக்குது. வெயில் மாசத்துல குந்திக்குது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜாடியாவது மழை வெயில் பார்ப்பதாவது. இடித்தால் உடையும், சூடு ஏறி இறங்கினால் உடையும், இவ்வளவுதான் எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்தது. பையிலிருந்து சுத்தியை எடுத்து ஜாடியைத் தட்டினேன். டொக் என்றது. விரிசல் விட்டிருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.

"அதான் கண்ணுக்கே தெரியுதேங்க" என்றாள் அவள்.

அதில் கேலி இல்லை. உண்மையிலேயே அதற்கு மேல் நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. பிறகு இருவருமே சிரித்துவிட்டோம்.

இந்த ஜாடிக்குப் பதில் வேறு ஜாடி அனுப்புகிறோம், இதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். வேறு அனுப்புங்கள், ஆனால் இதைத் தரமாட்டேன் என்றாள். அது எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டுமாம். அதற்குள் இன்னும் புளி இருந்தது. பயமாக இல்லையா என்று கேட்டேன். கோடுகளின் மேல் விரலை வைத்துக் கீழே கீழே நகர்த்தி, வயிற்றுப் பாகத்தில் நிறுத்தினாள்.

"கார்த்திகை தாண்டாதுங்க. அதுக்கு முன்னாடி அள்ளிடுவேன்."

திரும்பி வந்து முதலாளியிடம் இதைச் சொன்னேன். வீட்டுக்குள் இருக்கிற ஜாடி மழையில் நனையுமா என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு ஏனோ அதை அப்படியே விட மனம் வரவில்லை. கழித்துக் கட்டிய குவியலிலிருந்து, வாயோரம் விரிசல் விட்ட இரண்டு ஜாடிகளை எடுத்தேன். ஒன்றைச் சூளைச் சுவரோரம், எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிற இடத்தில் வைத்தேன். இன்னொன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து, ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டேன். இரண்டிலும் விரிசலின் நுனியில் ஒரு சுண்ணாம்புக் கோடு. வேலை முடிந்து போகும்போது தினமும் பார்ப்பேன். கூட வேலை செய்தவர்கள் நான் விரதம் இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தில் சூளையோரத்து ஜாடியில் விரிசல் ஒரு மயிரளவும் நகரவில்லை. ஈரச் சாக்கு ஜாடியில் மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை, தட்டவில்லை, நகர்த்தவில்லை. முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சூளை மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரிதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். முந்தின வருஷம் மாற்றிய மேல்பூச்சும் உள்மண்ணும் ஒன்றுபோலச் சுருங்கவில்லை. அதனால் ஜாடி எந்நேரமும் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த இழுப்பில் பிறந்த விரிசலுக்கு ஈரம் கிடைத்ததும் அது மெல்ல மெல்ல நடந்திருக்கிறது. பூச்சைப் பழைய பக்குவத்துக்கு மாற்றினார்கள். மலையிலிருந்து வந்த புகார் அதோடு நின்றது.

கார்த்திகையில் இதை அவளிடம் சொல்லவேண்டும் என்றே லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டு முன்னால் அந்த ஜாடி இரண்டு பாதியாகக் கிடந்தது. அவளுடைய புருஷன் என்னைக் கண்டதும் ஜாடியைக் காட்டி, ஏதோ தான்தான் தோற்றுவிட்டதுபோலச் சிரித்தார்.

"கோட்டப் பாத்துட்டு போன அமாவாசைக்கே புளிய எல்லாம் அள்ளிட்டா. நான்தான் நம்பல. அள்ளி நாலாம் நாளு டப்புனு பிரிஞ்சிடுச்சு" என்றார்.

நான் என் இரண்டு ஜாடிகளின் கதையைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேள்வி கேட்டாள். இரண்டும் ஒரே மண்ணா? ஒரே சூளையில் ஒரே நாளில் வெந்ததா? விரிசல் இரண்டிலும் ஒரே நீளமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிந்தது. கடைசியாக ஒன்று கேட்டாள்.

"அதத் தூக்கி இங்க வெச்சி, இதத் தூக்கி அங்க வெச்சிப் பாத்தீங்களாக்கா?"

பார்க்கவில்லை. அப்படி ஒரு யோசனையே எனக்கு வரவில்லை. ஊருக்குப் போன மறுநாளே இடம் மாற்றி வைத்தேன். ஈரத்துக்குப் போன ஜாடியில் விரிசல் நடக்கத் தொடங்கியது. சூளையோரம் வந்த ஜாடியில் நின்றுபோனது. அப்போதுதான் எனக்கே முழுசாக நம்பிக்கை வந்தது. பள்ளிக்கூடமே போகாத ஒருத்தி, ஒரு சந்தேகத்தை எந்தப் பக்கமும் தப்பிக்க விடாமல் மடக்குகிற விதத்தை எனக்குக் காட்டிவிட்டாள்.

அதே கார்த்திகைப் பயணத்தில்தான் அவளுடைய அடுப்பையும் பார்த்தேன். மழை விடுவதாக இல்லை. இன்றைக்கு பஸ் வராது, இருந்துவிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டு, அவள் அடுப்பைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். முழு அடுப்பையும் அல்ல. நெருப்புப் படுகிற உள்பக்கத்தில் ஒரு படலத்தை மட்டும், பலாப்பழத்தில் சுளை எடுப்பதுபோல எடுத்தாள். அதற்குப் பின்னால் இன்னொரு படலம் செங்கல் நிறத்தில் முழுசாக நின்றது. அதற்கும் பின்னால் இன்னொன்று.

பக்கத்து வீடுகளில் அடுப்பு வருஷத்துக்கு ஒன்று உடைந்துபோகும். உள்பக்கம் விழுகிற வெடிப்பு நேராக வெளிப்பக்கம் வந்துவிடும். இவள் அடுப்பு ஆறு வருஷமாக நிற்கிறது. காரணம் கேட்டேன். அது தானாக அமைந்தது என்றாள். முதல் பிள்ளை பிறந்த சமயத்தில், அடுப்பு வெடித்துக்கிடந்ததைக் கழுவிச் சுத்தம் செய்ய நேரம் இல்லாமல், சாம்பலோடு சாம்பலாக மேலே மண்ணை அப்பிவிட்டாளாம். மாமியார் திட்டினாராம், ஒட்டாது, உதிர்ந்துவிடும் என்று. உதிரவில்லை. மறுவருஷம் புதுப் பூச்சு வெடித்தது. ஆனால் பழைய பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இவள் அதை விடவில்லை. அடுத்த முறை அடுப்பின் ஒரு பக்கத்தைக் கழுவிவிட்டுப் பூசினாள், மறுபக்கத்தில் சாம்பல் தூவிப் பூசினாள். கழுவிய பக்கம் முழுசாகப் பிளந்தது. சாம்பல் பக்கம் நின்றது.

பெயர்த்தெடுத்த ஒரு துண்டை என் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். நெருப்புப் பக்கத்திலிருந்து ஒரு வெடிப்பு நேராக உள்ளே இறங்கியிருந்தது. இரண்டு படலத்துக்கும் நடுவில் இருந்த சாம்பல் வரியைத் தொட்ட இடத்தில் சட்டென்று திரும்பி, அந்த வரியோடு பக்கவாட்டில் ஓடி, கொஞ்ச தூரத்தில் காணாமல் போயிருந்தது.

"வேகமா வருது பாருங்க. இங்க வந்ததும் படுத்துக்குது" என்றாள். "கெட்டியா ஒட்டிக்கிட்டு இருந்தா எல்லாம் ஒண்ணா கிழியும். கொஞ்சம் ஒட்டாம இருந்தா, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்."

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பாதம் நசுங்கிய மனிதரும், நான் தட்டி அனுப்பிய பலகையும் நினைவுக்கு வந்தன. எங்கள் பலகை இரண்டு அங்குல கனத்துக்கு ஒரே கட்டி. இவ்வளவு கெட்டியாக இருந்தால் உடையாது என்று நாங்கள் நம்பினோம். அடியில் ஒரு விரிசல் பிறந்தால் அதை நிறுத்துவதற்கு மேலே வரை எதுவுமே இல்லை.

திரும்பி வந்ததும் மேஸ்திரியிடம் கெஞ்சி, மூன்று படலமாக ஒரு பலகை செய்யவைத்தேன். ஒவ்வொரு படலத்துக்கும் நடுவில் விறகுச் சாம்பல் தூவினோம். காய்கிறபோதே தோசை அடுக்குபோலத் தனித்தனியாகக் கழன்று வந்துவிட்டது. மேஸ்திரி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். புளி விற்க அவள் சந்தவாசல் பக்கம் வந்த சமயத்தில் இதைச் சொன்னேன். தொழிற்சாலைக்கே வந்து, நாங்கள் தூவுகிற விதத்தைப் பார்த்தாள். சாம்பலைப் பழைய வேட்டித் துணியில் சலித்து, ஈர மண்மேல் தூவி, பிறகு வாயால் ஊதினாள். முக்கால்வாசி பறந்துவிட்டது.

"ஊதினப்புறம் எது நிக்குதோ அது போதும்" என்றாள்.

அந்தப் பக்குவத்தில் செய்த பலகைகள் கழலாமல் காய்ந்து, சூளையில் நன்றாக வெந்து வந்தன. தட்டினேன், கணீர் என்றது. அவளிடம் உடனே காட்டவேண்டும் என்றிருந்தது. இரண்டு பலகைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு மலை ஏறினேன். இதில் என்ன கல்லா கொண்டுபோறீங்க என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் கல்தான் என்றேன்.

அவள் வீட்டுக் களத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே பாலம்போலப் பலகையை வைத்தோம். பூண் போட்ட உலக்கையால் அவள் ஒரு போடு போட்டாள். பலகை நடுவில் இரண்டாகப் பிளந்து விழுந்தது. பழைய பலகை எப்படி உடையுமோ அப்படியே. இரண்டாவதும் அப்படித்தான். நான் களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதம் எல்லோரையும் தொந்தரவு செய்தது இதற்குத்தானா என்றிருந்தது.

அவள் உட்காரவில்லை. உடைந்த விளிம்பைத் தூக்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்து முன்னும் பின்னும் சாய்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சாம்பல் வரி இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் இல்லை. மெல்லிய பச்சைக் கண்ணாடிக் கோடு ஒன்று பளபளத்தது.

எனக்குப் பொட்டில் அடித்ததுபோல விளங்கியது. ஜாடிக்கு மேல்பூச்சு வைத்துப் பிழைக்கிற எங்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்கவேண்டும். எங்கள் சூளையின் சூட்டில் விறகுச் சாம்பல் உருகிக் கண்ணாடியாகிவிடும். அவள் அடுப்புக்கு அத்தனை சூடு கிடையாது. அங்கே பிரித்து வைக்கிற சாம்பல், இங்கே பசையாகி மூன்று படலத்தையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. இதை அவளுக்குச் சொன்னேன். அவள் அந்தப் பச்சைக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"அப்ப உருகாத சாம்பல் வேணும்" என்றாள். "உமிச் சாம்பல் போட்டுப் பாருங்கக்கா. எத்தனை சூட்டுலயும் அது உமி மாதிரியேதான் கெடக்கும். நான் பாத்திருக்கேன்."

அவள் சாமை உமியைச் சொன்னாள். கீழே எங்களுக்கு நெல் உமிக்குப் பஞ்சமே இல்லை. ரைஸ்மில்லுக்குப் பின்னால் உமிச் சாம்பல் மலைபோலக் கிடந்தது. ஒரு கூடை அள்ளிவந்து, இடித்து, சலித்து, ஊதி, மறுபடி பலகை செய்தோம். இந்த முறை நான் மலைக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. பலகைகளை நேராகச் சூளையிலேயே போட்டுப் பார்த்துவிடலாம் என்று மேஸ்திரியே சொல்லிவிட்டார். கீழ் அடுக்கில் ஆபத்தில்லாத இடத்தில் நான்கு பலகைகளை வைத்தார்.

சூளை ஆறிப் பிரித்த அன்று ஜாடிகளை இறக்கியவர், கால் அடிபட்ட அதே மனிதர்தான். கொஞ்சம் நொண்டி நடந்தாலும் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஜாடிகளை எல்லாம் இறக்கி முடித்து, மூன்றாவது பலகையைப் புரட்டியவர் அப்படியே நின்றார். என்னைக் கூப்பிட்டார். பலகையின் அடிப்பக்கத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு விரிசல். என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். பிறகு பலகையைத் திருப்பி, மேல்பக்கத்தைத் தடவச் சொன்னார். வழவழவென்று முழுசாக இருந்தது. அடியில் பிளந்த பலகை, மேலே எட்டு ஜாடிகளை அந்த நெருப்பில் கடைசிவரை தாங்கியிருக்கிறது.

"இது ஒடஞ்சும் நிக்குதும்மா" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பலகையைத்தான் பிறகு மலைக்குக் கொண்டுபோனேன். அவள் மறுபடி உலக்கையை எடுத்தாள். முதல் போடில் ஓர் ஓரம் தெறித்தது. இரண்டாவதில் அடிப்படலம் துண்டாகத் தொங்கியது, மேலே இருந்தவை அசையவில்லை. அவள் புருஷன் வாங்கி இரண்டு போடு போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சேர்ந்து ஆளுக்கொரு போடு போட்டார்கள். படலம் படலமாகச் சிலாம்பு உரிந்துகொண்டே வந்ததே தவிர, அது சட்டென்று இரண்டாகவில்லை. ஒன்பதாவது போடில்தான் விழுந்தது. இவ்வளவு அடி வாங்குகிறதே என்று ஒருவர் பலகைக்காகப் பரிதாபப்பட்டார். அவள் மட்டும் ஒவ்வொரு போடுக்கும் உட்கார்ந்து, விளிம்பைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த போடுக்கு விட்டாள்.

முதலாளிக்கு அவளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று இருந்தது. இருப்பதிலேயே பெரிய ஜாடியாக ஒன்றை அனுப்பினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, அடுத்த தடவை உடைந்தவற்றை அனுப்பச் சொன்னாள். உடைந்தவையா என்று முதலாளி இரண்டு முறை கேட்டார். அதன்பிறகு மலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை நிறைய உடைந்த பலகைத் துண்டுகளை எடுத்துப்போவேன். அவற்றை வீட்டுக்குப் பின்னால் குவித்து வைத்திருந்தாள். வேலை இல்லாத மத்தியானங்களில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். எந்த விரிசல் எங்கே திரும்பியது, எது திரும்பவில்லை என்று எனக்குச் சொல்லுவாள். ஊதுவது கொஞ்சம் குறைந்தால் திரும்புகிறது, ஆனால் படலம் சீக்கிரம் கழன்றுபோகிறது. ஊதுவது அதிகமானால் திரும்பாமல் நேராகப் போகிறது. அவள் சொன்ன அளவை வைத்தே நாங்கள் பக்குவத்தைச் சரிசெய்தோம். எண்பதுகள் பிறந்தபோது எங்கள் சூளையில் ஒரே கட்டியாகச் செய்த பலகை ஒன்றுகூட இல்லை. அதன்பிறகு எவர் காலிலும் எதுவும் விழவில்லை.

அப்போதுதான் பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தார். நெருப்புக்குத் தாங்கும் செங்கல் கேட்டு வந்தவர், மூலையில் சாய்த்து வைத்திருந்த பலகையின் விளிம்பைப் பார்த்துவிட்டுச் செங்கல்லை மறந்துபோனார். இது யார் யோசனை என்று கேட்டார். மேஸ்திரி என்னைக் காட்டினார். நான் மலையைக் காட்டினேன். அடுத்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் தலைக்கனம் இல்லாத மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் காட்டிய இடத்தில் தரையில் உட்கார்ந்தார். அடுப்பைப் பார்த்தார், துண்டுகளைப் பார்த்தார், கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினார். கேள்விகள் தீர்ந்ததும், நீங்கள் ஏதாவது கேட்கவேண்டுமா என்றார். அவளிடம் பல வருஷமாக ஒரு கேள்வி இருந்தது. என்னிடம் கேட்டிருக்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

"நேரா வர்ற விரிசலு அங்க சாம்பல் கீதுன்னு எப்படி சார் தெரிஞ்சிக்குது? அதுக்குக் கண்ணா கீது?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் காட்டினார். விரிசலின் நுனி மண்ணை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு வருகிறது. ஆனால் நுனிக்குக் கொஞ்சம் முன்னால், அது போகிற திசையிலும் மண் இழுபடுகிறது. கெட்டியான மண் அந்த இழுப்பைத் தாங்கிவிடும். ஒட்டாத வரி தாங்காது.

"அதனால விரிசல் வந்து சேர்றதுக்கு முன்னாடியே அந்த வரி லேசா வாயைத் திறந்துடுதுங்க. வர்ற விரிசல் அந்த வாய்ல விழுந்து மழுங்கிப் போயிடுது. அப்படித்தான் நாங்க நினைக்கிறோம். கண்ணால பாக்குறது கஷ்டம்" என்றார்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனாள். துண்டுகளைப் புரட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஆசிரியர் என்னைப் பார்த்தார். தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம். அவள் கையளவு துண்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டே வந்து அவரிடம் நீட்டினாள்.

"இது நான் ஒடைக்கறப்ப ஆன கைத்தப்புன்னு நெனச்சி ஓரமா வெச்சிருந்தேன். பாருங்க."

அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அடியிலிருந்து வந்த விரிசல், சாம்பல் வரிக்கு ஓர் எள்ளளவு தூரத்திலேயே நின்றுபோயிருந்தது. அது வரியைத் தொடவே இல்லை. ஆனால் அதற்கு நேர் எதிரே சாம்பல் வரி மெல்லியதாகப் பிரிந்து, நகக்கண் அளவுக்கு வாய் திறந்திருந்தது.

அவர் வெகுநேரம் கண்ணாடியை எடுக்கவில்லை. பிறகு என்னிடம் கொடுத்தார். நானும் பார்த்தேன். பத்து வருஷம் காதால் மட்டுமே விரிசலை அறிந்த எனக்கு, அது பிறப்பதற்கு முந்தின நிமிஷத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. அவர் அதைத் தன்னோடு கொண்டுபோகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒண்ணுதான் சார் கீது. இங்கயே பாத்து எழுதிக்குங்க" என்றாள்.

அவர் சரி என்று நோட்டைத் திறந்து, அந்தத் துண்டை மடியில் வைத்து வரையத் தொடங்கினார். அவள் எதிரே உட்கார்ந்து, வரைவது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னாள். அவர் அழித்துவிட்டுத் தள்ளிப் போட்டார். கீழே ரோட்டில் மத்தியான பஸ் ஹாரன் அடித்தது. பஸ் வந்துவிட்டது என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் புருஷன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மூன்று பேருக்கும் சேர்த்துச் சாமைச் சோறு வடிக்கப் போனார்.